சாலமன் தீவுகளின் கடலோரக் கண்காணிப்பாளர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியப் படையின் பிடியில் இருந்த தென்மேற்குப் பசிபிக் தீவுகளில், காட்டுக்குள் மறைந்திருந்து கடலையும் வானத்தையும் கவனித்து, கண்டதை ரேடியோவில் சொல்லிக்கொண்டிருந்த சிலரைப் பற்றிய பக்கம் இது. அவர்களைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையே எடுத்துக்கொண்டிருக்கிறேன். சில கேள்விகளுக்கு இரண்டு வரி போதும். சிலவற்றுக்கு நின்று நிதானமாகத்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

கடலோரக் கண்காணிப்பாளர் என்பவர் யார்? அவர் உளவாளியா?

உளவாளி என்று சொல்வது முழுக்கச் சரியாகாது. உளவாளி வேறொருவராக வேடமிட்டு எதிரியின் கூட்டத்துக்குள் நுழைகிறவர். கண்காணிப்பாளர் வேடம் எதுவும் போடவில்லை. தான் ஏற்கெனவே வாழ்ந்துகொண்டிருந்த தீவிலேயே, எதிரி வந்த பிறகும் போகாமல் தங்கிவிட்டவர்.

இந்த ஏற்பாடு போருக்கு வெகுகாலம் முன்பே தொடங்கியது. முதல் உலகப்போருக்குப் பின், மிக நீண்ட கடற்கரையும் மிகக் குறைந்த மக்களும் கொண்ட ஆஸ்திரேலியாவுக்கு, கரையோரத்தில் என்ன நடக்கிறது என்று சொல்ல ஆள் தேவைப்பட்டது. தபால் அலுவலர், துறைமுக அதிகாரி, காவலர், ரயில் நிலைய ஊழியர் என்று அங்கங்கே இருந்தவர்களிடமே, சந்தேகத்துக்குரிய கப்பலைக் கண்டால் தந்தி அனுப்புமாறு கடற்படை கேட்டுக்கொண்டது. சம்பளம் கிடையாது. 1939இல் போர் தொடங்கியபோது இப்படிப்பட்டவர்கள் ஏறத்தாழ 800 பேர் இருந்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் ஆஸ்திரேலியக் கரையிலேயே இருந்தார்கள். வடக்கே நியூ கினியும் சாலமன் தீவுகளும் ஏறக்குறைய திறந்த வாசலாகவே கிடந்தன.

அந்த வாசலுக்கு வேலி போட அனுப்பப்பட்டவர் எரிக் ஃபெல்ட். கடற்படையை விட்டு விலகி நியூ கினியில் அரசு அதிகாரியாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். தோட்டக்காரர்களையும் பாதிரியார்களையும் அதிகாரிகளையும் நேரில் அறிந்தவர். 1939 செப்டம்பரில் கடற்படை அவரை மீண்டும் அழைத்தது. கப்பலிலும் விமானத்திலும் படகிலும் கால்நடையாகவும் தீவு தீவாகச் சென்று, ரேடியோ வைத்திருந்த ஒவ்வொருவரையும் சந்தித்து, என்ன பார்க்க வேண்டும், எப்படிச் சொல்ல வேண்டும் என்று அவரே கற்றுக்கொடுத்தார். 1941இன் நடுப்பகுதிக்குள், நியூ கினியின் மேற்கு எல்லையிலிருந்து நியூ ஹெப்ரடீஸ் (இன்றைய வனுவாட்டு) வரை, 4,000 கிலோமீட்டர் நீள வளைவில் 64 நிலையங்கள் உருவாகியிருந்தன. அந்த வேலி பின்னால் தாங்கியதற்கு, ஃபெல்ட் ஆளாளாகப் போய்ப் பேசியதே முதல் காரணம் என்பது என் கருத்து.

"பெர்டினாண்ட்" என்ற பெயர் ஏன் வந்தது?

அது இந்த அமைப்பின் மறைபெயர். குழந்தைகளுக்கான கதை ஒன்றில் வரும் காளையின் பெயரை ஃபெல்ட் எடுத்துக்கொண்டார். அந்தக் காளை சண்டைக்குப் போகாது. மரத்தடியில் உட்கார்ந்து பூக்களை முகர்ந்துகொண்டிருக்கும். உங்கள் வேலை சண்டையிடுவதல்ல, அமைதியாக உட்கார்ந்து பார்ப்பதுதான் என்பதைத் தம் ஆட்கள் மறக்கக் கூடாது என்று அவர் விரும்பினார். ஒரு துப்பாக்கிக் குண்டு வெடித்தால் இடம் தெரிந்துவிடும்; இடம் தெரிந்தால் ரேடியோ போய்விடும்; ரேடியோ போனால் அந்த மனிதர் அங்கே இருப்பதற்கே பொருளில்லை.

அங்கே தங்கியவர்கள் எப்படிப்பட்டவர்கள்?

கொப்பரைத் தோட்ட மேலாளர்கள், வணிகர்கள், மாவட்ட அதிகாரிகள், தங்கம் தேடியவர்கள், சில மதப்பணியாளர்கள். பூகன்வில் தீவின் வடக்கே புக்கா நீரிணைப் பகுதியின் அரசு அதிகாரி ஜாக் ரீட் இருந்தார். அதே தீவின் தெற்கே பால் மேசன் இருந்தார். மேசன் கண்ணாடி அணிந்த, குள்ளமான, அதிகம் பேசாத தோட்ட மேலாளர். ரேடியோவைப் பிரித்து மாட்டுவதில் பித்து உள்ளவர். பார்ப்பவர் எவரும் அவரை ஒரு போர்வீரராக எண்ணியிருக்க மாட்டார்கள். சாலமன் தீவுகளில் ஒன்றான குவாடல்கனலில் மார்ட்டின் கிளெமன்ஸ் என்ற இளம் ஸ்காட்லாந்து அதிகாரி இருந்தார்.

1942 ஜனவரி 23 அன்று நியூ பிரிட்டன் தீவின் துறைமுக நகரான ரபாவுல் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. மார்ச்சில் ஜப்பானியர் புக்காவுக்கும், மே மாதத் தொடக்கத்தில் சாலமன் தீவுகளின் தலைநகரான துலாகிக்கும் வந்துவிட்டார்கள். அதற்குள் வெள்ளையர்களில் பெரும்பாலோர் கப்பலேறிப் போய்விட்டார்கள். சிலர் போகவில்லை. தனக்குத் தெரிந்த மலையையும் தன்னைத் தெரிந்த மக்களையும் நம்பி அவர்கள் காட்டுக்குள் ஏறினார்கள்.

அவர்களுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது?

பெரும்பகுதி காத்திருப்பிலேயே கழிந்தது. கடலும் வானமும் நன்றாகத் தெரியும் மலைமுகட்டில், மரக்கிளைகளுக்கு இடையே ஒரு பார்வையிடம் இருக்கும். குடிசையும் ரேடியோவும் அதற்குச் சற்றுக் கீழே, மரக்கூரையின் மறைவில் இருக்கும். சமைக்கும் புகை மேலே எழாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். வான்கம்பியை மரங்களோடு மரமாகக் கட்ட வேண்டும். வெயிலில் மின்னக்கூடிய ஒரு தகரத்தையும் வெளியே விட்டுவைக்கக் கூடாது. குடிசையிலிருந்து நீரோடைக்குத் தினமும் ஒரே வழியில் நடந்தால் தடம் விழுந்துவிடும். அந்தத் தடம் மேலே பறக்கும் விமானத்துக்குத் தெரிந்துவிடும்.

உணவு பெரும்பாலும் ஊர்த் தோட்டங்களிலிருந்து வந்த சர்க்கரைவள்ளி, சேம்பு, வாழைப்பழம் ஆகியவையே. கைவசம் இருந்த டப்பா உணவு தீர்ந்த பின், நிலவிருக்கும் இரவுகளில் விமானம் வந்து பாராசூட்டில் போடும் மூட்டைகளை நம்ப வேண்டியிருந்தது. அவற்றில் பாதி பள்ளத்தாக்கில் விழும், அல்லது மரத்தில் மாட்டிக்கொள்ளும். மலேரியா விடாது, குயினைன் தீர்ந்தால் காய்ச்சலோடுதான் காவல். ஈரம் எல்லாவற்றையும் அரித்தது. கிளெமன்ஸின் காலணிகள் மலைப்பாதையில் கிழிந்து போயின. கடைசி ஜோடியை, என்றாவது அமெரிக்கர்களிடம் போய்ச் சேரும் நாளுக்கென்று எடுத்து வைத்திருந்தார். 1942 ஆகஸ்ட் 15 அன்று அந்த நாள் வந்தது. தமக்காக வேவு பார்த்த தீவுக்காரர்களான சாரணர்களை வரிசையாக நிறுத்தி, கொடியைப் பிடித்து, அந்தக் காலணியோடு அவர், ஒரு வாரம் முன்பு தீவில் இறங்கியிருந்த அமெரிக்க மரைன் படையின் எல்லைக்குள் நடந்து வந்தார்.

ரேடியோவைத் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கலாமே?

இக்காலக் கைப்பேசியை மனத்தில் வைத்துக் கேட்கப்படும் கேள்வி இது. அந்தக் கருவியைப் பற்றித் தெரிந்துகொண்டால்தான் இவர்களுடைய வாழ்க்கை புரியும் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

அவர்களிடம் இருந்தது ஆஸ்திரேலியாவில் செய்யப்பட்ட "டெலிரேடியோ". வெப்பத்தையும் ஈரத்தையும் அடியையும் தாங்கும் நல்ல கருவி. குரலில் பேசினால் சுமார் 650 கிலோமீட்டர் வரையும், மோர்ஸ் சாவியில் தட்டினால் சுமார் 1,000 கிலோமீட்டர் வரையும் எட்டும். ஆனால் அது ஒற்றைப் பெட்டி அல்ல. அனுப்பும் கருவி, வாங்கும் கருவி, ஒலிபெருக்கி என்று மூன்று உலோகப் பெட்டிகள். அவற்றுக்குக் கார் பேட்டரி போன்ற கனத்த பேட்டரிகள். பேட்டரியை மின்னேற்ற ஒரு பெட்ரோல் எஞ்சின்; அதன் எடை மட்டும் சுமார் 32 கிலோ. எஞ்சினுக்குப் பெட்ரோல் டின்கள். இவை எல்லாவற்றையும் மலைமேல் நகர்த்த 12 முதல் 16 பேர் வேண்டும்.

அதாவது, தனியாக ஒளிந்திருந்த ஒற்றை மனிதர் என்று நாம் கற்பனை செய்யும் கண்காணிப்பாளர், உண்மையில் ஒருநாளும் தனியாக இருந்திருக்கவே முடியாது. எதிரி நெருங்குகிறான் என்று இரவில் செய்தி வந்தால், மழையில் வழுக்கும் பாதையில், பேட்டரி அமிலம் சிந்தாமல், மூங்கிலில் எஞ்சினைக் கட்டித் தோளில் ஏற்றி, விடிவதற்குள் அடுத்த முகட்டுக்குக் கொண்டு சேர்க்கப் பதினைந்து தீவுக்காரர்கள் தயாராக இருக்க வேண்டும். அவர்களில் ஒருவர் மனம் மாறினாலும் கதை முடிந்தது.

எஞ்சின் ஓடும் சத்தமும் ஆபத்து. ரேடியோ அலையின் திசையைக் கணித்து இடத்தைக் கண்டுபிடிக்கும் கருவி ஜப்பானியரிடம் இருந்ததால், நீண்ட செய்தியும் ஆபத்து. ஆகவே சுருக்கமாகச் சொல்லிவிட்டு அமைதியாகிவிடுவார்கள். அவசரச் செய்திகளுக்கென்று தனி அலைவரிசை ஒன்று இருந்தது. "எக்ஸ்" என்று அழைக்கப்பட்ட அந்த அலைவரிசையை, இரவும் பகலும் எங்கோ ஒருவர் கேட்டுக்கொண்டே இருப்பார்.

செய்திகளைச் சங்கேதமாக அனுப்பினார்களா?

அவசரமில்லாதவற்றை அனுப்பினார்கள். பிளேஃபேர் என்ற பழைய முறை பெரிதும் பயன்பட்டது. ஐந்துக்கு ஐந்து கட்டத்தில் ஒரு திறவுச்சொல்லின் எழுத்துகளையும், பிறகு மிச்சமுள்ள ஆங்கில எழுத்துகளையும் நிரப்பி, செய்தியை இரண்டிரண்டு எழுத்தாகப் பிரித்து மாற்றும் முறை இது. காகிதமும் பென்சிலும் போதும்; பிடிபட்டால் எரிக்க வேண்டிய புத்தகமும் கிடையாது. வல்லுநர்கள் உட்கார்ந்தால் உடைத்துவிடக்கூடிய முறைதான். ஆனால் குண்டுவீச்சு விமானங்கள் தலைக்கு மேல் பறந்துகொண்டிருக்கும்போது கட்டம் போட நேரம் ஏது? அப்போது வெறும் ஆங்கிலத்தில், குரலிலேயே சொல்லிவிடுவார்கள்.

1942 ஆகஸ்ட் 7 அன்று என்ன நடந்தது? அதை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?

அன்று அதிகாலை குவாடல்கனலிலும் துலாகியிலும் அமெரிக்க மரைன் படை இறங்கியது. ஜப்பானியர் குவாடல்கனலில் கட்டிக்கொண்டிருந்த விமானத் தளத்தைப் பிடிப்பதே நோக்கம். கரையருகே படைக்கப்பல்கள் கூட்டமாக நின்றன. ரபாவுலிலிருந்து குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பின.

இங்கே நிலப்படம் முக்கியம். ரபாவுலிலிருந்து குவாடல்கனலுக்கு 900 கிலோமீட்டருக்கு மேல். துணைக்கு வரும் ஜீரோ போர் விமானங்களுக்குப் போய்த் திரும்பும் எரிபொருள் மட்டுமட்டாகவே இருந்தது. சுற்றிப் போக வழியில்லை. நேர்வழி பூகன்வில் தீவின் மேலாகப் போகிறது. அந்தத் தீவின் இரு முனைகளிலும் ரீடும் மேசனும் உட்கார்ந்திருந்தார்கள்.

பூயின் அருகே மலாபிட்டா குன்றில் இருந்த மேசன், மேலே இரைச்சல் கேட்டு எண்ணினார். பிறகு, 24 டார்ப்பிடோ விமானங்கள் உங்கள் பக்கம் வருகின்றன என்று குரலில் சொன்னார். தம்மைக் குறிக்க அவர் சொன்னது "எஸ்டிஓ" என்ற மூன்றே எழுத்துகள். அவை அவருடைய சகோதரியின் குடும்பப் பெயரின் முதல் எழுத்துகள். அந்தச் செய்தி போர்ட் மோர்ஸ்பி, டவுன்ஸ்வில் வழியாக ஹவாயில் இருந்த பெர்ல் துறைமுகத்துக்குப் போய், அங்கிருந்து பசிபிக் முழுவதற்கும் ஒலிபரப்பப்பட்டு, அரை மணி நேரத்துக்குள் குவாடல்கனல் கடலில் நின்ற கப்பல்களை எட்டிவிட்டது. "கான்பெரா" என்ற ஆஸ்திரேலியப் போர்க்கப்பலில், நண்பகலில் 24 விமானங்கள் தாக்கும், ஆகவே மாலுமிகள் பதினொரு மணிக்கே சாப்பிட்டுவிட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். போர்க்களத்தில் உணவுநேரத்தை எதிரியின் வருகைக்கு ஏற்ப மாற்றி வைக்க முடிந்தது என்பதை நினைத்துப் பார்த்தால், அந்த இரண்டு மணி நேர முன்னறிவிப்பின் மதிப்பு விளங்கும்.

அந்த இரண்டு மணி நேரத்தில் கப்பல்கள் சரக்கிறக்குவதை நிறுத்தி, நங்கூரம் எடுத்து, திறந்த கடலில் ஓடத் தயாராயின. அமெரிக்கப் போர் விமானங்கள், எதிரி வரும் உயரத்துக்கும் மேலே ஏற முக்கால் மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளும் மெதுவான விமானங்கள். அவற்றுக்கும் நேரம் கிடைத்தது. மறுநாள் ரீட் 45 விமானங்களைப் பார்த்துச் சொன்னார். அன்று தாக்க வந்த டார்ப்பிடோ விமானங்களில் பெரும்பாலானவை திரும்பிப் போகவில்லை. அடுத்த பல மாதங்களுக்கும் இதே கதைதான் தொடர்ந்தது. நவம்பர் 10 அன்று, தெற்குப் பூகன்வில் கடலில் 61 கப்பல்கள் கூடியிருப்பதாகவும், அவற்றில் 33 நாசகாரிக் கப்பல்கள் என்றும் மேசன் வகைவாரியாக எண்ணிச் சொன்னார். குவாடல்கனலின் பெரும் கடற்போர் அதற்குச் சில நாள் கழித்து நடந்தது. கண்காணிப்பாளர்கள் குவாடல்கனலைக் காப்பாற்றினார்கள், குவாடல்கனல் தென்பசிபிக்கைக் காப்பாற்றியது என்று, தென்பசிபிக்கில் அமெரிக்கப் படைகளுக்குத் தலைமை தாங்கிய அட்மிரல் ஹால்சி சொன்னது வெறும் முகத்துதி அல்ல.

தீவு மக்களின் பங்கு என்ன?

இந்தக் கேள்விக்குத்தான் இந்தப் பக்கத்தையே எழுதினேன் என்று சொல்ல வேண்டும். சுமை தூக்கியவர்கள் என்று ஒரே வரியில் பழைய எழுத்துகள் கடந்துவிடும். சுமை தூக்கியது உண்மைதான். ஆனால் ரேடியோவில் போன செய்தியில் கணிசமான பகுதி, தீவுக்காரர்கள் தங்கள் கண்ணால் கண்டு கொண்டுவந்தது. மலைமுகட்டிலிருந்து கப்பலைப் பார்க்கலாம்; ஜப்பானிய முகாமுக்குள் எத்தனை பீரங்கி, எத்தனை கூடாரம், எங்கே எரிபொருள் என்று பார்க்க முடியாது. முகாமில் கூலி வேலைக்குச் சேர்ந்தும், காய்கறி விற்கப் போயும், மீன்பிடி ஓடத்தில் கடந்தும், அவற்றை எண்ணி நினைவில் வைத்துக்கொண்டு திரும்பியவர்கள் அவர்களே. வெள்ளையர் ஒருவர் கடற்கரையில் நடந்தால் அரை நாளில் பிடிபடுவார். ஊர்க்காரர் நடந்தால் அவர் ஊர்க்காரர்.

ஜேக்கப் வூசாவைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. குவாடல்கனல்காரர், சாலமன் தீவுகளின் ஆயுதக் காவல்படையில் சார்ஜென்ட் மேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், போர் வந்ததும் கிளெமன்ஸிடம் தாமாகவே வந்து சேர்ந்தார். 1942 ஆகஸ்ட் 20 அன்று, வேவு பார்க்கப் போன இடத்தில் ஜப்பானியரிடம் அகப்பட்டார். அவரிடம் ஒரு சிறிய அமெரிக்கக் கொடி இருந்தது. மரத்தில் கட்டி அடித்தார்கள். அமெரிக்கர்களின் நிலைகளைச் சொல்லும்படி கேட்டுத் துப்பாக்கிமுனைக் கத்தியால் மார்பிலும் தொண்டையிலும் குத்தினார்கள். அவர் எதுவும் சொல்லவில்லை. இறந்துவிடுவார் என்று விட்டுப் போன பின், கட்டியிருந்த கயிற்றைப் பல்லால் கடித்து அறுத்து, பல கிலோமீட்டர் தூரம் தவழ்ந்தும் நடந்தும் மரைன் படையின் எல்லையை அடைந்தார். மருத்துவம் பார்க்கட்டும் என்று படுத்துவிடவில்லை. எத்தனை பேர் வருகிறார்கள், என்ன ஆயுதம் வைத்திருக்கிறார்கள் என்பதை முதலில் சொன்னார். அதற்குச் சில மணி நேரத்திலேயே ஜப்பானியத் தாக்குதல் தொடங்கியது. தாக்க வந்த சுமார் 900 பேரில் ஏறத்தாழ 800 பேர் மாண்டார்கள். வூசா பிழைத்தார். 1979இல் பிரிட்டன் அவருக்குச் சர் பட்டம் அளித்தது, 1984இல் காலமானார்.

பூகன்வில்லில் ரீடுக்குத் துணையாக நின்றவர்களில் சார்ஜென்ட் யவுவிகாவும், பீஜித் தீவிலிருந்து மதப்பணிக்கு வந்த உசாயா சொடுடுவும் குறிப்பிடத்தக்கவர்கள். சொடுடு ஓர் ஆசிரியர். தம் மாணவர்களாகவும் சபை மக்களாகவும் இருந்தவர்களின் நம்பிக்கை அவருக்கு இருந்தது. அது ரீடின் அதிகாரத்தால் கிடைத்திருக்கக்கூடியது அல்ல.

எல்லா ஊர்களும் துணை நின்றனவா?

இல்லை, அப்படிச் சொல்வது அந்த மக்களுக்குச் செய்யும் அநீதி. போர் அவர்கள் கேட்டு வந்ததல்ல. ஒரு பேரரசின் ஆட்கள் ஓடிப்போக, இன்னொரு பேரரசின் ஆட்கள் வந்து இறங்கினார்கள். யார் வெல்வார்கள் என்று ஊருக்குத் தெரியாது. கண்காணிப்பாளருக்குச் சோறு போட்டால் ஜப்பானியர் ஊரை எரிப்பார்கள். ஜப்பானியருக்கு வழி காட்டினால் நேச நாட்டு விமானங்கள் குண்டு போடும். பூகன்வில்லில் சில ஊர்கள் ஜப்பானியர் பக்கம் சாய்ந்தன. அங்கே கண்காணிப்பாளர்களே குண்டுவீச்சைக் கேட்டு வாங்கிய நிகழ்ச்சிகளும் உண்டு. குடியேற்ற ஆட்சியின் பழைய கோபங்களும் அந்தச் சாய்வில் இருந்தன. தம் ஆட்களைக் கடுமையாகச் சவுக்கால் அடித்துத் தண்டித்த கண்காணிப்பாளர்களும் இருந்தார்கள். வீரத்தைப் போற்றும்போது இதை மறைக்கக் கூடாது. இவ்வளவு இருந்தும் பெரும்பாலான ஊர்கள் மாதக்கணக்கில் அந்த இரகசியத்தைக் காத்தன என்பதுதான் எனக்குப் பெரிய வியப்பு.

பிடிபட்டவர்களுக்கு என்ன நேர்ந்தது?

பெரும்பாலோர் கொல்லப்பட்டார்கள். புக்கா தீவின் தோட்டக்காரர் பெர்சி குட் 1942 மார்ச்சில் கொல்லப்பட்டார். அந்த வட்டாரத்தில் ஜப்பானியக் கப்பல்கள் தென்பட்டதாக ஆஸ்திரேலிய வானொலிச் செய்தியில் சொல்லிவிட்டார்கள். யார் பார்த்துச் சொல்லியிருப்பார் என்று தேடி வந்தவர்களுக்கு அந்த முதியவர் கிடைத்தார். ஒரு செய்தி அறிக்கையின் கவனக்குறைவால் ஒருவர் உயிர் போயிற்று.

நியூ அயர்லாந்து அருகே தாபர் தீவில் இருந்த கொர்னேலியஸ் பேஜ் இன்னொருவர். ரபாவுல் மீதான தாக்குதலுக்கு வந்த விமானங்களை முதலில் பார்த்துச் சொன்னவர்களில் ஒருவர். கிளம்பிவிடு என்று ஃபெல்ட் பலமுறை சொல்லியும் அவர் செய்தி அனுப்புவதை நிறுத்தவில்லை. குடிமகனாகப் பிடிபட்டால் உளவாளி என்று கொன்றுவிடுவார்கள், படைவீரராக இருந்தால் போர்க்கைதியாக நடத்தக்கூடும் என்ற எண்ணத்தில், ஃபெல்ட் போராடி அவருக்குக் கடற்படைப் பதவி வாங்கிக் கொடுத்தார். மற்றவர்களுக்கும் பின்னர் பதவி கொடுக்கப்பட்டது. பேஜுக்கு அது பயன்படவில்லை. 1942 நடுவில் பிடிபட்டுக் கொல்லப்பட்டார்.

மிகப் பெரிய இழப்பு கில்பர்ட் தீவுகளில் (இன்றைய கிரிபட்டியில்) நேர்ந்தது. அங்கிருந்த கண்காணிப்பாளர்கள் நியூசிலாந்துக்காரர்கள். அஞ்சல் துறையின் ரேடியோ இயக்குநர்களும், அவர்களுக்குத் துணையாக வந்த படைவீரர்களும். இருவர் மூவராகச் சிறு சிறு பவளத்தீவுகளில் இருந்தார்கள். பவளத்தீவில் மலையும் இல்லை, காடும் இல்லை. தென்னை மரங்களும் மணலும்தான். ஒளிய இடமே கிடையாது. கப்பல் வருகிறது என்று சொன்ன பிறகு, அந்தக் கப்பலுக்காகக் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. 1942 அக்டோபர் 15 அன்று தராவாவின் பெட்டியோ தீவில் 17 கண்காணிப்பாளர்களும் 5 குடிமக்களும் தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். அவர்கள் கையில் ஆயுதம் இல்லை. பூகன்வில் கதையைப் படிப்பவர்களில் பத்தில் ஒருவருக்குக்கூட இந்த 22 பேரைப் பற்றித் தெரிந்திருப்பதில்லை என்ற வருத்தம் எனக்கு உண்டு.

பெண்கள் யாராவது இருந்தார்களா?

ரூபி போய் என்பவர் இருந்தார். சான்டா குரூஸ் தீவுகளில் ஒன்றான வனிகோரோவில், மர நிறுவன மேலாளரின் மனைவி. ரேடியோ இயக்குநர் போரில் சேரக் கிளம்பியபோது, அந்த வேலையை அவர் கற்றுக்கொண்டார். மோர்ஸையும் தாமே பயின்றார். மற்றவர்கள் வெளியேறியபோது அவரும் கணவரும் தங்கினார்கள். அவருடைய பணியில் பெரும்பகுதி வானிலை அறிக்கை. மேகம் எங்கே, காற்று எத்திசை என்று தெரியாமல் கடல் விமானம் கிளம்ப முடியாத காலம் அது. முதலைகள் வாழும் ஆற்றைக் கடந்து ரேடியோ அறைக்குப் போக வேண்டியிருந்தது. கடற்படை அவருக்கு 1943இல் கௌரவப் பதவி அளித்தது. 1990இல் காலமானார்.

பிற்கால அமெரிக்க அதிபர் கென்னடியைக் காப்பாற்றியது இவர்கள்தானா?

ஆம். அதிலும் இரண்டு தீவு இளைஞர்களின் பெயரை முதலில் சொல்ல வேண்டும்: பியுகு காசா, எரோனி குமானா.

1943 ஆகஸ்ட் 2 அதிகாலை இருட்டில், ஜான் கென்னடி தலைமை ஏற்றிருந்த பிடி-109 என்ற சிறு டார்ப்பிடோ படகை "அமகிரி" என்ற ஜப்பானிய நாசகாரிக் கப்பல் மோதிப் பிளந்தது. 13 பேரில் இருவர் மாண்டனர். எதிரே கொலம்பங்காரா தீவின் மலையில் ஆர்தர் ரெஜினால்ட் எவன்ஸ் என்ற கண்காணிப்பாளர் இருந்தார்; அதே தீவில் ஆயிரக்கணக்கான ஜப்பானியப் படையினர் இருந்தார்கள். கடலில் தீப்பிழம்பைக் கண்ட எவன்ஸ், படகு ஒன்று காணாமல் போன செய்தி கிடைத்ததும் தம் சாரணர்களை எச்சரித்தார்.

காசாவும் குமானாவும் சிறு ஓடத்தில் போனபோது, பட்டினியும் காயமுமாகக் கிடந்த மாலுமிகளைக் கண்டார்கள். எழுதக் காகிதம் இல்லை. தேங்காயில் எழுதலாம் என்ற யோசனை தம்முடையது என்று காசா பின்னாளில் சொன்னார். குமானா மரமேறிக் காய் பறித்தார். பதினொரு பேர் உயிரோடு இருக்கிறோம், சிறு படகு வேண்டும், இவருக்கு இடம் தெரியும் என்று கென்னடி அதில் கத்தியால் கீறிக் கொடுத்தார். எதிரியின் கடலில் 60 கிலோமீட்டர் துடுப்புப் போட்டு அதை அவர்கள் கொண்டு சேர்த்தார்கள். பிறகு எவன்ஸ் அனுப்பிய சாரணர்கள் கென்னடியை ஓடத்தின் அடியில் படுக்கவைத்துத் தென்னங்கீற்றுகளால் மூடி அழைத்துச் சென்றார்கள். மேலே ஜப்பானிய விமானம் தாழப் பறந்தபோது, ஓடத்தில் இருந்தவர் நிமிர்ந்து கையசைத்தார், விமானம் போய்விட்டது. பதினொருவரும் மீண்டார்கள். அந்தத் தேங்காய் ஓடு பின்னர் வெள்ளை மாளிகையில் கென்னடியின் மேசைமேல் இருந்தது.

அவர்கள் ஒருபோதும் சண்டையிடவே இல்லையா?

விதிவிலக்கு உண்டு. நியூ ஜார்ஜியாவின் செகியில் இருந்த டொனால்ட் கென்னடி (மேற்சொன்ன அமெரிக்கருக்கு உறவல்ல), தம் இடத்தை நெருங்கும் எந்த ஜப்பானியக் குழுவும் திரும்பிப் போய்ச் செய்தி சொல்லக் கூடாது என்று முடிவெடுத்து, தீவுக்காரர்களைக் கொண்டு சிறு படையே திரட்டினார். இறுதியில் எதிரி பெரும்படையோடு வந்தபோது, அவரைக் காப்பதற்காகவே 1943 ஜூன் 21 அன்று அமெரிக்கப் படை திட்டமிட்ட நாளுக்கு முன்பே செகியில் இறங்கியது.

ரீடும் மேசனும் என்ன ஆனார்கள்?

1943இல் பூகன்வில்லில் வேட்டை கடுமையாயிற்று. ரோந்துப் படைகள் மலையேறின, துணை நின்ற ஊர்கள் ஒவ்வொன்றாக அச்சத்தால் விலகின, முகாம்கள் தாக்கப்பட்டன. அதற்கு முன்பே, 1942 கடைசி இரவில், ரீடின் ஏற்பாட்டில் "நாட்டிலஸ்" என்ற நீர்மூழ்கிக் கப்பல் தெயோப் கரைக்கு வந்து, கன்னியாஸ்திரீகள் உட்பட 29 பேரை ஏற்றிச் சென்றிருந்தது. 1943 ஜூலையில் "கார்ட்ஃபிஷ்" என்ற நீர்மூழ்கிக் கப்பல் மேசனையும், அதற்குச் சில நாள் கழித்து ரீடையும், அவர்களோடு இருந்த தீவுக்காரர்களையும் மீட்டது. ஃபெல்ட் அதற்கு முன்பே, மார்ச்சில், மாரடைப்பால் பணியிலிருந்து விலக வேண்டியதாயிற்று.

பிற்காலத்தில் தொகுக்கப்பட்ட கணக்கின்படி, கண்காணிப்பாளர்கள் மீட்ட விமானிகள் 321, மாலுமிகள் 280, போர்க்கைதிகள் 75, மதப்பணியாளரும் குடிமக்களும் 190.

நினைவிடங்கள் எங்கே இருக்கின்றன?

நியூ கினியின் மடாங்கில், கடலைப் பார்த்து ஒரு கலங்கரை விளக்கம் 1959 ஆகஸ்ட் 15 அன்று திறக்கப்பட்டது. உயிரிழந்த கண்காணிப்பாளர்களின் பெயர்கள் அதன் அடியில் பொறிக்கப்பட்டுள்ளன. 1968இல் ஃபெல்ட் இறந்தபோது, அவருடைய சாம்பல் அந்த விளக்கத்துக்கு அருகே கடலில் தூவப்பட்டது. பெட்டியோவில் நியூசிலாந்துக்காரர்களுக்கும் அவர்களோடு மாண்டவர்களுக்கும் ஒரு நினைவுச்சின்னம் உண்டு.

சாலமன் தீவுச் சாரணர்களுக்கும் சேர்த்து, அந்நாட்டின் இன்றைய தலைநகரான ஹொனியாராவில் ஒரு நினைவகம் எழுப்பப்பட்டது 2011 ஆகஸ்ட் 7 அன்று. மேசன் அந்த 24 விமானங்களை எண்ணிச் சொன்ன நாளுக்குச் சரியாக 69 ஆண்டுகள் கழித்து. காசா அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன்பே, 2005இல், இறந்துவிட்டார். குமானா 2014 வரை வாழ்ந்தார்.